வளைவுக்கு அப்பால் ஏழு வீடு

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் குளோரின் சார். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் ஒரே வேலை. காலையில் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் சைக்கிளில் கிளம்பி, தெருத் தெருவாகப் போய், வருகிற தண்ணீரில் போட்ட மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஆறு கண்ணாடிக் குப்பி, ஒரு சொட்டு மருந்துப் புட்டி, கொஞ்சம் பஞ்சு, நிறங்கள் அச்சடித்த ஓர் அட்டை. குப்பியில் கோடு வரை தண்ணீர் பிடித்து ஐந்து சொட்டு விட்டால், குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாகும். நிறமே வரவில்லை என்றால் பெட்டியை மூடாமலே ஆபீசுக்குப் போன் போட வேண்டும்.

மருந்து கலக்கிற இடத்தில் தண்ணீர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். குழாய்க்குள் ஓட ஓடத்தான் வலுக் குறையும். அதனால் ஒவ்வொரு தெருவிலும் கடைசி வீட்டுக் குழாயில்தான் பிடிக்க வேண்டும் என்று விதி. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் அவரே அதை அழுத்திச் சொல்வார். "முதல் வீட்டுல பார்த்துட்டு வர்றதுக்கு சம்பளம் எதுக்குப்பா? கடைசி வீட்டுக்குப் போ. நாய் இருந்தாலும் போ."

எந்த நாய்க்கும் அவர் பயந்ததில்லை. ஆனால் ஒரே ஒரு தெருவில் மட்டும் ஆறு வருஷமாக அவர் கடைசி வீட்டுக்குப் போகவில்லை. போனதாக எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி வீடு அவருடைய தங்கையின் வீடு.

சிலருக்கு அப்பாவிடமிருந்து மூக்கு வரும், சிலருக்கு வழுக்கை வரும். இவருக்கு மூக்கு, வழுக்கை, கட்சி என்று மூன்றும் வந்தன. அப்பா மரக்கடையில் ரம்பம் ஓட்டியவர். கட்சித் தலைவர் ஒரு தடவை அந்த மரக்கடை வாசலில் கொட்டுகிற மழையில் நின்று பேசிவிட்டுப் போனார். "நமக்காக நனைஞ்சாருடா" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மழை ஊர் முழுக்கத்தான் பெய்தது, எல்லோரும்தான் நனைந்தார்கள் என்று எதிர்த்துச் சொல்ல வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

வேலை கிடைத்தது எழுத்துத் தேர்வில். இருநூறு பேர் எழுதியதில் இவர் பதினோராவது. ஆனால் அந்த வருஷம் ஆட்சியில் இருந்தது நம்ம கட்சி. ஆகவே, "கட்சி போட்டுக் குடுத்த வேலை சார் இது" என்று போகிற இடமெல்லாம் சொல்லி, சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே நம்பிவிட்டார். அவருடைய மனைவி மட்டும், இருந்தவரைக்கும், "மார்க் வாங்கினது நீங்க, மாலை அவங்களுக்கா?" என்று கேட்பாள். அதற்கு அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஓட்டுப் போட வயசு வந்த நாளிலிருந்து ஒரு தேர்தலைக்கூட அவர் விட்டதில்லை. அதே சமயம், சீட்டில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் படித்ததுமில்லை. கண் சின்னத்தைத் தேடும், கை அங்கே போகும், அரை நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார். "பேரெல்லாம் எதுக்குப் படிக்கணும்? கல்யாணப் பத்திரிகையா என்ன?" என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவர் தனக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வளர்ந்தார்.

தங்கை அவரைவிட எட்டு வயது சின்னவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால், பின்னல் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதே அவர்தான். இரண்டு பின்னலும் ஒரே உயரத்தில் வராது. ஒன்று மேலே நிற்கும், ஒன்று கீழே தொங்கும். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் தானே அவிழ்த்துப் போட்டுக்கொள்வாள் என்பது அவருக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அவளைக் கட்டியவர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் கடை. மாப்பிள்ளை எதிரிலிருக்கிற அந்தக் கட்சி என்பது பெண் கொடுக்கும்போதே தெரியும். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சளிப் பிடித்தவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி எல்லோரும் பேசினார்கள். சரியாகவில்லை. ஆனாலும் இருபது வருஷம் மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் வாரிக்கொண்டு, சேர்ந்து சாப்பிட்டு, நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நகராட்சித் தேர்தல் வந்தது. மாப்பிள்ளை தன் வீட்டு வாசலில் கட்சிக் கொடியை ஒரு கம்பில் கட்டியிருந்தார். கம்பு சாய்ந்து கேட்டுக்குக் குறுக்கே தொங்கியது. குளோரின் சார் பெட்டியோடு வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, கொடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. பெட்டி இடிக்குது."

"பெட்டியா இடிக்குது? கொள்கை இடிக்குதோன்னு பார்த்தேன் மச்சான்."

"இருக்கறவங்களுக்குத்தானே இடிக்கும். உங்களுக்கு அந்தத் தொந்தரவே இல்லையே."

"சரி, குனிஞ்சு வாங்க. ஒரு தடவை குனிஞ்சா ஒண்ணும் குறைஞ்சிடாது. உங்க தலைவருங்க தினம் குனியறாங்க, நல்லாத்தானே இருக்காங்க."

அதுவரைக்கும் விளையாட்டு. தெருவில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். ஒருத்தராவது சிரிக்காமல் இருந்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

"உங்க கொடிக்குக் கீழ என் தலை குனியாது," என்றார் குளோரின் சார். "எழுதி வெச்சுக்கோங்க."

"தலை இருந்தாத்தானே குனியறதுக்கு," என்றார் மாப்பிள்ளை.

உள்ளேயிருந்து தங்கை ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அண்ணா, நில்லு, நான் தூக்கிப் பிடிக்கறேன், வா அண்ணா." அதற்குள் சைக்கிள் திரும்பிவிட்டது.

அந்தத் தெரு நடுவில் ஒரு இடத்தில் முழங்கை மாதிரி வளையும். வளைவில் ஒரு சலூன். சலூன்காரர் நம்ம கட்சி. அதுவும் சாதாரணக் கட்சி இல்லை, கண்ணாடிக்கு மேலேயே தலைவர் படம் மாட்டி, முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் வேறு எங்கும் பார்க்க முடியாதபடி வைத்திருப்பவர். வளைவுக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் நம்மவர்கள். வளைவுக்கு அப்பால் ஏழு வீடு, ஏழும் அவர்கள். ஏழாவது தங்கை வீடு.

அன்றைக்குக் குளோரின் சார் சலூன் குழாயில் தண்ணீர் பிடித்தார். ஐந்து சொட்டு விட்டார். நல்ல மஞ்சள். பதிவேட்டில் தங்கை வீட்டு எண்ணைப் போட்டு எழுதினார். ஒரு நாளைக்குத்தானே, எண்பது தப்படியில் தண்ணீர் என்ன மாறிவிடப் போகிறது என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார். ஒரு வாரத்தில் நினைப்பதும் நின்றுபோனது. சலூன்காரர் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டார். குப்பியில் நிறம் ஏறும் நேரத்துக்கு இருவரும் கட்சி நிலவரம் பேசினார்கள். ஊரிலேயே அவருக்கு மனசுக்குப் பிடித்த பத்து நிமிஷமாக அது ஆகிவிட்டது.

நகராட்சி நம்ம கட்சிக்குக் கிடைத்தது. அடுத்த வருஷமே பழைய இரும்புக் குழாயைத் தோண்டியெடுத்துப் புதுக் குழாய் பதித்தார்கள். வளைவு வரை பதித்தார்கள். அதோடு ஆட்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வளைவுக்கு அப்பால் ஏழு வீட்டுக்கும் அந்தத் துருப்பிடித்த பழைய குழாய்தான், சாக்கடைக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது.

"ஓட்டுப் போடறது அங்க, குழாய் கேக்கறது இங்கயா?" என்றார் சலூன்காரர், கத்தியைத் தீட்டிக்கொண்டே. "அவங்க சின்னத்துல தண்ணி வருதான்னு திருகிப் பார்க்கச் சொல்லுங்க சார்."

குளோரின் சார் சிரித்தார். பெரிதாக இல்லை, மூக்கால்தான். ஆனால் சிரித்தார். பின்னாளில் மற்ற எதையும்விட அந்தச் சிரிப்புதான் அவருக்குத் தொண்டையில் நின்றது. ஏனென்றால் ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். புதுக் குழாயில் பிடித்த தண்ணீரை வைத்துப் பழைய குழாய்க்குச் சான்று எழுதக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும். தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ளக் கட்சி அவருக்கு நன்றாகவே பழக்கியிருந்தது.

மனைவி இறந்தபோது தங்கை வந்து பத்து நாள் கூடவே இருந்தாள். மாப்பிள்ளை கேட் வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்த மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வருவாள். அலமாரியை ஒழுங்கு பண்ணுவாள், மருந்து மாத்திரை பார்ப்பாள், சட்டைக்குப் பட்டன் தைப்பாள். "நீ வரமாட்டே. நான்தான் வரணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போவாள். பிள்ளையில்லாத மனிதருக்கு உலகத்தில் சொந்தம் என்று மிச்சமிருந்தது அவளும் அவள் மகளும்தான். மகளைச் சின்னு என்று கூப்பிடுவார்கள். மாமா என்றால் உயிர் அதற்கு. கல்யாணமாகி வெளியூர் போனவள், ஏழாம் மாதம் அம்மாவிடம் வந்திருந்தாள்.

அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் தங்கை பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள். "அண்ணா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. ரெண்டு மாசமா அவர் காய்ச்சித்தான் குடிக்கணும்னு ஒரே பிடிவாதம். நிஜமாவே கெட்டிருக்கா?"

தேர்தலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. குளோரின் சாருக்குச் சிரிப்பு வந்தது. "தேர்தல் வந்தாலே உங்க வீட்டுக்காரருக்குத் தண்ணி நாறும், ரோடு குழியாகும், கொசு கடிக்கும். அவர் மூக்காலயா மோந்து பார்க்கறார்? கட்சியாலதான் மோந்து பார்க்கறார்."

"இல்லண்ணா, எனக்கே..."

"நான் தினம் பார்க்கறேன்மா. நல்ல மஞ்சள். என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உன்னை நம்பாம வேற யாரை நம்பப் போறேன்," என்றாள்.

மூன்றாவது வாரம் சின்னுவுக்குக் காய்ச்சல். பிறகு வாந்தி. பிறகு கண் மஞ்சள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வளைவுக்கு அப்பால் இன்னும் மூன்று பேருக்கு அதே காமாலை. அவர்கள் கஞ்சியும் மாத்திரையுமாக எழுந்துவிட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அந்தக் காமாலை அப்படி லேசில் விடாது என்று டாக்டர் சொன்னார். ஆறு நாள் இழுத்துப் பிடித்தார்கள். சின்னு பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை.

அந்த வாரமே இன்ஜினியர் அவரைக் கூப்பிட்டு, வளைவுக்கு அப்பால் கடைசி வீட்டில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். தங்கையும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பூட்டிய வீட்டின் வெளிக்குழாயில் குளோரின் சார் குப்பியைப் பிடித்தார். ஐந்து சொட்டு விட்டார். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நிறம் வரவில்லை. இன்னும் ஐந்து சொட்டு விட்டார். வெறும் தண்ணீராக அப்படியே நின்றது. தண்ணீர் நிற்கிற நேரமெல்லாம் அந்த ஓட்டைக் குழாய் பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். அவருக்கும் தெரியாது.

இன்ஜினியர் பதிவேட்டைப் புரட்டினார். "போன வாரம் வரைக்கும் தினமும் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. திடீர்னு எப்படி இல்லாமப் போகும்?"

குளோரின் சார் குப்பியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம்தான் உடைஞ்சிருக்கும், இல்லையா? லாரி ஏதாவது ஏறியிருக்கும்." இன்ஜினியர் கெட்டவர் இல்லை. தனக்கும் வேலை மிஞ்ச வேண்டும், இவருக்கும் பென்ஷன் மிஞ்ச வேண்டும் என்று நினைக்கிற மனிதர். வெளியே வராந்தாவில் கவுன்சிலர் வேறு நின்றுகொண்டிருந்தார். அவர் உள்ளே வந்து குளோரின் சாரின் தோளில் கை வைத்தார். "தேர்தல் நேரம் சார். நீங்க நம்ம ஆளு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை."

"ஆமா சார்," என்றார் குளோரின் சார். "போன வாரம்தான் உடைஞ்சிருக்கும்."

சின்னு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவர் தங்கை வீட்டுக்குப் போனார். முன்னறையில் மோட்டார்கள் பிரித்துக் கிடந்தன. செம்புக் கம்பிச் சுருள்களுக்கு மேலே, சுவரோரப் பலகையில், வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். இருபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் கலங்கிய தண்ணீர், ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதிய சீட்டு. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

தங்கை உள்ளேயிருந்து வந்தாள். ஒரு மாதத்தில் ஐந்து வருஷம் ஏறியிருந்தது அவளுக்கு. அண்ணனைப் பார்த்ததும் அழுதாள். அழுதுகொண்டே அவரைச் சமாதானப்படுத்தவும் செய்தாள்.

"நீ என்னண்ணா பண்ணுவே. நீ பார்த்தப்ப நல்லாத்தானே இருந்தது. சின்னு படுக்கறதுக்கு முந்தின வாரம்தான் உடைஞ்சுதாமே, ஆபீஸ்ல சொன்னாங்களாம். அவர் காய்ச்சு, காய்ச்சுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டார். நான்தான் நீ சொன்னதைச் சொல்லி, ஊருக்கே பார்க்கற எங்கண்ணன் என் வீட்டுக்குப் பார்க்காம இருப்பானான்னு சண்டை போட்டு, காய்ச்சறதை நிறுத்தினேன். சின்னுவுக்கும் அதைத்தான் குடுத்தேன். என் தலையெழுத்து. உன்னை ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அவள் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுப் போயிருப்பார். சமாதானம் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் பார்க்கலைம்மா."

"என்ன?"

"இங்க வந்து பார்க்கவே இல்லை. சலூன் குழாயில பிடிச்சேன். பிடிச்சுட்டு உன் வீட்டு நம்பரை எழுதினேன்."

"எப்பலேருந்து?"

"அந்தத் தேர்தல்லேருந்து."

தங்கை விரலை மடக்கி வருஷத்தை எண்ணினாள். மாப்பிள்ளைதான் முதலில் எழுந்தார். ஸ்டூல் பின்னால் விழுந்தது. அடிக்க வருகிறார் என்று நினைத்துக் குளோரின் சார் அசையாமல் நின்றார். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான்!" ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை. "இதை எழுதிக் குடுங்க மச்சான். அப்படியே எழுதிக் குடுங்க. ஞாயிற்றுக்கிழமை எங்க மீட்டிங். மேடையில ஏறி ரெண்டே வார்த்தை சொன்னீங்கன்னா போதும், பாட்டில் எல்லாம் நான் தேதிவாரியா வெச்சிருக்கேன், அவனுங்க வார்டுல டெபாசிட்கூட வாங்க மாட்டானுங்க."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"முதல் பாட்டில் என்ன தேதி?" என்று தங்கை கேட்டாள்.

மாப்பிள்ளை விழுந்த ஸ்டூலை எடுத்து நிறுத்தினார். அவளே பலகைக்குப் போய் வரிசையில் முதல் பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். "மூணு மாசத்துக்கு முன்னாடி." திரும்பி இருவரையும் பார்த்தாள். "மூணு மாசமா பாட்டில்ல பிடிச்சு வெச்சீங்க. ஒரு நாள் ஆபீசுக்குப் போய் ஒரு மனு குடுத்தீங்களா?"

"அவனுங்க ஆபீஸ்ல போய் நிக்கச் சொல்றியா? குடுத்தா ஒரே நாள்ல அடைச்சுட்டு, நாங்கதான் சரி பண்ணினோம்னு போஸ்டர் ஒட்டுவானுங்க. தேர்தல் வரைக்கும்..." மாப்பிள்ளை அங்கே நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

"ஒருத்தர் பார்க்கவே மாட்டேன்னீங்க. ஒருத்தர் பார்த்ததைப் பத்திரப்படுத்தி வெச்சீங்க," என்றாள் தங்கை. குரல் உயரவே இல்லை. "நடுவுல நான் ஒரு முட்டாள், ரெண்டு பேரையும் நம்பிட்டு, புள்ளைத்தாய்ச்சிக்குக் குவளையில மொண்டு குடுத்திருக்கேன்."

பாட்டில்களை இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டு போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். மாப்பிள்ளை, "அடியே, அது ஆதாரம்டி" என்று ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அவரும் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு நடை நடந்து எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட்டு, அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தினம் நீ வளைவு வரைக்கும் வர்றது எனக்குத் தெரியும். மாடியில துணி காயப்போடற சாக்குல உன் சைக்கிளைப் பார்ப்பேன். கோவம், அதான் வரலைன்னு நினைச்சேன். கோவம் என்னிக்காவது தீரும்னு இருந்தேன். வந்து, என் வீட்டைப் பேருக்கு எழுதிக்கிட்டுப் போயிருக்கே." பிறகு சொன்னாள், "நீ கிளம்புண்ணா."

மறுநாள் குளோரின் சார் இன்ஜினியர் மேஜையில் ஒரு தாளை வைத்தார். ஆறு வருஷத்தையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். இன்ஜினியர் படித்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "இன்னும் ரெண்டரை மாசம்தான் சார் உங்களுக்கு சர்வீஸ் பாக்கி. ஏன் சார்?" விசாரணை என்று ஒன்று நடந்தது, கண்டனம் என்று ஒரு தாள் வந்தது. ரிட்டயர்மெண்ட் பக்கத்தில் இருப்பதால் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். தண்டனை குறைவு என்று அவருக்கே பட்டது. இன்னும் கொஞ்சம் கொடுத்திருந்தால் ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

சலூன்காரரிடம் முடி வெட்டப் போனபோது, "கத்தரி மொக்கை சார்" என்றார் அவர், வேறொருவர் தலையில் அதே கத்தரியை ஓட்டிக்கொண்டே. "நம்ம கழுத்தை அறுக்கற அளவுக்கு உங்ககிட்ட கூர் இருக்கே, நீங்களே வெட்டிக்கோங்க." நாற்காலி உள்ளே போய்விட்டிருந்தது. இன்னொரு பக்கம், மாப்பிள்ளையின் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் மாலையோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் வளைவுக்கு அப்பால் புதுக் குழாய் பதித்தார்கள். நம்ம கட்சி, சொன்னதைச் செய்தோம் என்று போஸ்டர் ஒட்டியது. அந்தக் கட்சி, போராடி வென்றோம் என்று அதன் பக்கத்திலேயே ஒட்டியது. குழந்தையைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை.

ஓட்டுப் போடப் போனவர் அன்றைக்கு முதல்முறையாகச் சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒன்பது பெயர். ஒரே ஒரு பெயருக்குத்தான் அவருக்கு முகம் தெரிந்தது; தோளில் கை வைத்த அந்தக் கவுன்சிலர். மற்ற எட்டுப் பேர் யார், என்ன செய்கிறவர்கள், அவர்களில் யாராவது அந்த ஏழு வீட்டுப் பக்கம் வந்திருப்பார்களா என்று யோசித்தார். யோசிப்பதற்கு அவரிடம் எதுவுமே இல்லை. இத்தனை வருஷத்தில் யாரைப் பற்றியும் எதையும் தெரிந்துவைத்துக்கொள்ளவில்லை. "ஐயா, ஆச்சுங்களா?" என்று வெளியிலிருந்து அதிகாரி குரல் கொடுத்தார். பதற்றத்தில் கை பழைய இடத்துக்கே போனது. சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, சுவரோரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். வெயில் தாங்காமல் நிற்கிறார் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அதற்கெல்லாம் முன்னாலேயே, தாளைக் கொடுத்த மறுநாள் காலையிலேயே, தங்கை வீட்டுக் கேட்டைத் தட்டியிருந்தார். அவள் வந்து பார்த்தாள்.

"குழாயைப் பார்க்கணும்," என்றார்.

"குழாயைப் பார்க்கறதா இருந்தா வா. பின்னாடி இருக்கு." நகர்ந்து வழி விட்டாள். "என்னைப் பார்க்க வரணும்னா... இப்ப வேண்டாம்ணா. எப்பன்னு எனக்கே தெரியலை."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அவர் வீட்டுக்கு வருவதும் நின்றுபோனது. ஆனால் தினமும் காலையில் அவர் போனார். பின்கட்டில் குந்தி உட்கார்ந்து, குழாயை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, குப்பியில் பிடித்து, சொட்டு விட்டு, அட்டையோடு ஒப்பிட்டு, வந்த அளவைச் சத்தமாகச் சொல்வார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். உள்ளே சமையலறையில் அவள் நடமாடுகிற சத்தம் கேட்கும். பதில் வராது. சில நாள் சின்னு ஜன்னலில் நிற்பாள். ஒரு நாள் வெறுமனே தலையை அசைத்தாள். அதற்கடுத்த வாரம் அவள் புருஷன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டான். மாப்பிள்ளை மோட்டாரிலிருந்து தலை தூக்க மாட்டார். முன்பெல்லாம் காலை நேரத்தில் கடையில் நின்று அரசியல் பேசிய ஆட்களையும் காணோம்.

வேலையின் கடைசி நாளும் அப்படித்தான் போனது. நிறம் நன்றாக வந்தது. அளவைச் சொன்னார். பெட்டியை மூடிவிட்டு, எழுந்திருக்க முழங்காலில் கை ஊன்றியபடியே சொன்னார்.

"நாளையிலேருந்து வேற ஆள் வருவாரும்மா."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"கேட்டைத் தட்டச் சொல்லு," என்றாள் தங்கை, வெளியே வராமலே. "யார் வீடுன்னு பார்க்க வேண்டாம். தட்டச் சொல்லு."

"சொல்றேன்."

வேறு ஏதாவது கேட்பாளோ என்று நின்றார். குழாய் மறுபடி திறந்தது, பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. குப்பியில் மிச்சமிருந்ததைச் செடியோரம் ஊற்றினார். பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டினார். ஏறவில்லை. தள்ளிக்கொண்டே போனார், மெதுவாக, கூப்பிட்டால் கேட்கிற தூரம் தாண்டும் வரை.